பாதி ரயில் வந்த மத்தியானம்

என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஒரே ரயிலில் வேலை பார்த்தார்கள். மாமா முன்னால் இஞ்சினில், அக்கா கடைசிப் பெட்டியில். நடுவில் பெட்டி பெட்டியாக ஜனங்கள். "குடும்பம் நல்லா நடக்க இந்த இடைவெளி போதும்" என்று மாமா சொல்வார். அக்கா காதில் அது விழுந்தால், "இன்னும் ரெண்டு பெட்டி சேர்த்தா இன்னும் நல்லா நடக்கும்" என்பாள்.

ரயில் என்றதும் ஊர்விட்டு ஊர் போகிற ரயிலை நினைத்துவிட வேண்டாம். தீம் பார்க்கில் ஏரியைச் சுற்றி வருகிற குட்டி ரயில். டீசலில் ஓடுகிற இஞ்சினுக்கு நீராவி இஞ்சின் மாதிரி வேஷம் போட்டிருந்தார்கள். புகைபோக்கி வெறும் தகரம். அதிலிருந்து ஒருநாளும் புகை வந்ததில்லை. ஆனாலும் மாமா தினமும் காலையில் அதைத் துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிடுவார். "வேஷம்னு போட்டாச்சு, ஒழுங்கா போட வேண்டாமா?" என்பார்.

பின்னால் ஐந்து பெட்டிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஊதாப் பெட்டியின் கடைசி வரிசை அக்காவுடையது. அங்கே ஒரு கை பிரேக் இருந்தது, மாவரைக்கிற இயந்திரத்தின் சக்கரம் மாதிரி பெரிதாக. அக்காவுக்குக் கொடுத்த தொப்பி அவள் தலைக்குப் பெரியது. காற்றடித்தால் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொள்வாள். கொடி இன்னொரு கையில். விசில் வாயில். வீட்டில் பார்க்கிற அக்கா வேறு, அந்தத் தொப்பியைப் போட்ட அக்கா வேறு என்று எனக்குத் தோன்றும்.

நான் ரயில் நிலையத்தின் டிக்கெட் கூண்டில் இருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்க்கின் பின்சுவரை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. அதில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளியே எல்லோருக்கும் பொதுவான நீள நடை. கூண்டில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பார்க் முழுக்க வைத்திருந்த ஒலிபெருக்கிகளுக்கான மைக் என் மேஜையில்தான் இருந்தது. காணாமல் போன குழந்தை, ஒற்றைச் செருப்பு, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிற பெரியவர் என்று நாள் முழுக்க அறிவித்துக்கொண்டே இருப்பேன். காலையில் பார்க் திறப்பதற்கு முன், ஈரப் புல்லும் டீசலும் கலந்து ஒரு வாசனை வரும். இப்போதும் எங்காவது பழைய லாரி ஒன்று மழையில் கிளம்பினால் நான் அந்தக் கூண்டுக்குப் போய்விடுகிறேன்.

அக்காவின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பித்தான் உண்டு. அழுத்தினால் இஞ்சினில் பெல் அடிக்கும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் கிளம்பு. ஒரு மழைக்காலத்தில் அந்த ஒயர் நனைந்து செத்துப்போனது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, முழு நீளத்துக்கும் புது ஒயர் இழுக்க வேண்டும் என்றார். மேனேஜர், "சீசன் முடியட்டும்" என்றார். எங்கள் பார்க்கில் சீசன் என்பது முடிகிற சமாச்சாரமே இல்லை.

பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு கொக்கி. அது கழன்றுவிடாமல் மேலிருந்து செருகிய தடித்த இரும்பு ஆணி. ஆரம்பத்தில் கொக்கிக்கு இருபுறமும் காப்புச் சங்கிலிகளும் இருந்தன. ஆணி போனாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும். அந்தச் சங்கிலிகள் ஓடும்போது கலகலவென்று சத்தம் போட்டன. குழந்தை தூங்க முடியவில்லை என்று யாரோ புகார் சொல்ல, மேனேஜர் கழற்றி வைக்கச் சொன்னார். மெக்கானிக்குக்கும் அதில் சந்தோஷம்தான். மாட்டும்போதெல்லாம் அவர் விரல் நசுங்கும். முதுகு அரித்தால் ஸ்பேனரால் சொறிந்துகொள்வார் என்பதால் அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றே கூப்பிட்டோம். நல்ல மனிதர். அங்கே கெட்டவர் என்று யாரையும் என்னால் சொல்ல முடியாது.

ஏரியின் எதிர்க்கரையில் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஒரு குன்று. அதற்குள் சிமெண்டில் செய்த குகை. ரயில் மரங்களுக்குப் பின்னால் போய் குகைக்குள் நுழைந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, மறுபக்கம் வெளியே வரும். பெல் செத்த பிறகு மாமாவும் அக்காவும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். குகையை விட்டு வெளியே வந்ததும் மாமா ஒரு ஹாரன் அடிப்பார். அக்கா இரண்டு விசில் ஊதுவாள். பதில் வராவிட்டால் வண்டியை நிறுத்தவேண்டும். அக்கா இரண்டாவது விசிலைக் கொஞ்சம் இழுத்து, நுனியில் ஒரு சுழி சுழித்துத்தான் முடிப்பாள். அந்தச் சுழியை வைத்தே அன்றைக்கு வீட்டில் என்ன நிலவரம் என்று கூண்டில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன்.

சண்டை ஒரு பீரோவால் வந்தது.

மாமா யாரிடமும் கேட்காமல் ஒரு இரும்பு பீரோ வாங்கிவிட்டார். தூக்கி வந்த ஆட்கள் நடையில் இறக்கி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தார்கள், பீரோவைப் பார்த்தார்கள், கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நேராக வைத்துத் தள்ளினோம். சாய்த்துத் தள்ளினோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து தள்ளினார்கள். பீரோ அசைய மறுத்தது.

"வாசல ஒரு தடவை அளந்து பாக்கணும்னு தோணலையா?" என்றாள் அக்கா.

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மாமாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உங்க வீட்டுல பீரோன்னு ஒண்ணு இருந்திருந்தா, நீயே முன்கூட்டி சொல்லியிருப்ப" என்றார்.

எங்கள் வீட்டில் பீரோ இருந்ததில்லை. ஒரு தகரப் பெட்டியில்தான் எல்லோருடைய துணியும் இருந்தது. அது என் வீடும்தான். எனக்கே முகம் சுண்டிப்போனது. அக்கா பதில் சொல்லவில்லை. அவள் திட்டினால் பயமில்லை, ஒரு வேளையில் அடங்கிவிடும். பேசாமல் இருந்தால்தான் ஆபத்து.

அதன் பிறகு வீட்டில் நான் தபால்காரியானேன்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "உங்க அக்காகிட்ட சொல்லு, எனக்கு நல்லாவே காது கேக்குது."

"கேக்குதுன்னா வந்து உக்காரச் சொல்லு."

பீரோ நடையிலேயே நின்றது. பக்கத்து வீட்டு அம்மா அதன் கதவில் துண்டு காயப் போட ஆரம்பித்தாள். ரயிலிலும் கோபம் தொடர்ந்தது. அக்கா விசிலை இழுப்பதை விட்டுவிட்டாள். கடனே என்று இரண்டு ஊது, அவ்வளவுதான். ஒருநாள் அதுவும் இல்லை. மாமா ஹாரன் அடித்துப் பார்த்தார், பதில் வரவில்லை, வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து, விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மறுபடி கிளம்பினார்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். "வேலையில கோவத்தக் காட்டுறது நல்லா இல்லன்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

சொன்னேன். "சரின்னு சொல்லு" என்றாள் அக்கா.

மறுநாள் விடுமுறை. கூட்டம் பிதுங்கியது. மத்தியான வெயிலில் மைக் முன்னால் உட்கார்ந்து, தொலைந்துபோன ஒரு தொப்பியின் அங்க அடையாளங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் குகையிலிருந்து ரயில் வெளியே வந்தது. இஞ்சின், சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சைக்குப் பிறகு வெறும் தண்டவாளம்.

பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரவே கொஞ்ச நேரம் பிடித்தது. இஞ்சினில் வழக்கம்போலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்பெட்டிக் குழந்தைகள் கை ஆட்டினார்கள். மாமா ஹாரன் அடித்தார். பதில் இல்லை. மறுபடி அடித்தார். வண்டி நிற்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே சரிவில் இறங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மரங்களுக்குப் பின்னாலிருந்து விசில் கேட்டது. விட்டு விட்டு இல்லை. ஒரே மூச்சாக, மூச்சு முடிந்ததும் அடுத்த மூச்சாக. இஞ்சின் சத்தத்தில் மாமாவுக்கு அது கேட்க வழியே இல்லை.

நான் மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். நிலையத்து மொழியில் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"மாமா! மாமா, வண்டிய நிறுத்துங்க! அக்கா உங்க பின்னாடி இல்ல!"

ராட்டினத்திலும் படகுத்துறையிலும் கழிப்பறை வாசலிலும் இருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் சேர்ந்து கத்தின. பார்க்கில் இருந்த அத்தனை மாமாக்களும் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார்களாம். வேண்டிய மாமாவுக்கும் அது கேட்டது. ரயில் குலுங்கி நின்றது. அவர் கீழே குதித்துப் பின்னால் பார்த்தார். பச்சைப் பெட்டிக்கு அப்பால் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, தலையில் கை வைத்தபடி நின்றார். அடுத்த நிமிஷம் இஞ்சினில் ஏறப் போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியைப் பின்னால் எடுக்கப் போகிறார்.

"மாமா, பின்னாடி வராதீங்க! அக்கா பெட்டி எங்க நிக்குதுன்னே தெரியல! நடந்து போங்க!"

அவர் நின்றார். சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளைச் செருகினார். பயணிகளிடம் ஏதோ சொன்னார். பிறகு கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, இருட்டுக் குகைக்குள் ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

மரங்களுக்குப் பின்னால் நடந்ததை அக்கா எனக்கு ஒரே தடவையில் சொன்னதில்லை. காய்கறி நறுக்கும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம் என்று வருஷக்கணக்கில் சொன்னாள். குகையின் ஏற்றத்தில் பாதி போகும்போது முன்னால் எங்கோ மட்டையடி மாதிரி ஒரு சத்தம். பச்சைப் பெட்டியின் விளக்கு மட்டும் தனியாக விலகிப் போனது. அவளுடைய இரண்டு பெட்டிகளும் ஒரு கணம் யோசிப்பது போல நின்றன. பிறகு பின்னோக்கி உருண்டன.

அக்கா பிரேக் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். விசிலைப் பல்லில் கடித்து ஊதிக்கொண்டே சுற்றினாள். பேச வேண்டுமானால் விசிலைத் துப்பவேண்டும். "உக்காருங்க! யாரும் குதிக்காதீங்க!" என்று கத்திவிட்டு மறுபடி கடித்துக்கொள்வாள். நீலப் பெட்டியிலிருந்து ஓர் இளைஞன் கேட்காமல் குதித்துவிட்டான். அவன் மணிக்கட்டு முறிந்தது. அன்று உடைந்த எலும்பு அது ஒன்றுதான்.

அக்காவுக்கு முன்வரிசையில் பேக்கரி நடத்துகிற அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து, "நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

"இத என்னோட சேர்ந்து சுத்துங்க!"

நாள் தவறாமல் மாவு பிசைகிற கைகள். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றச் சுற்ற, பிரேக் கட்டைகள் கருகி நாற்றம் கிளம்பியது. குகை வாசலின் வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து மூடியது. கீழே ஏரி வளைவு. வளைவைத் தாண்டினால் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து படகுத்துறைக்குப் போகிற பாதை, அதில் வரிசையாக ஜனங்கள். விசில் சத்தம் கேட்டு அவர்கள் தலைதூக்கிப் பார்த்துச் சிதறினார்கள். ஆனால் பெட்டிகள் அதுவரை போகவில்லை. வளைவில் முனகிக்கொண்டே நின்றன. ஒரு சக்கரம் தண்டவாளத்தின் விளிம்பில் பாதி ஏறியிருந்தது. அக்கா பிரேக் சக்கரத்தை விடவில்லை. விட்டால் மறுபடி உருளும்.

அந்த நிலையில்தான் மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"விடு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"முதல்ல கட்டை வை!"

பீரோ வந்த நாளிலிருந்து அக்கா அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. மாமா கையைப் பிசைந்தார். "கட்டை எல்லாம் முன்னாடி வச்சுட்டேனே."

"அப்ப கல்லு வை! நிக்கிறாரு பாரு!"

மாமா ஏரிக்கரையில் வரிசையாகப் பதித்திருந்த அலங்காரக் கற்களைப் பிடுங்கிவந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்தார். அக்கா அதன் பிறகே கையை எடுத்தாள். உள்ளங்கைத் தோல் பிரேக் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு உரிந்தது. பேக்கரி அம்மா மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரு யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர். முன்பாதிக்கு டிரைவர்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத்தான் அழுதாளாம்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மெல்லிய குரலில் பேசுகிற, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய பெண்மணி. மேனேஜரின் அறையில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் முறிந்த ஆணியை வைத்திருந்தார். முறிந்த இடத்தில் ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது, மறுபாதி புதிதாகப் பளபளத்தது. விரிசல் எப்போதோ விழுந்துவிட்டது, அதன் மேல் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துவிட்டோம் என்று அவர் விளக்கினார். ஸ்பேனர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பெயிண்ட் அடித்தது அவர்தான்.

பிறகு அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். "பதில் விசில் வரலன்னா நிறுத்தணும்னு நீங்களே ஏற்பாடு வச்சிருந்தீங்க. அன்னைக்கு ஏன் நிறுத்தல?"

மாமா இஞ்சின் சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். வெயிலைச் சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு, "கோவமா இருக்கான்னு நினைச்சுட்டேன் மேடம்" என்றார்.

"யாரு?"

"இவதான். வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல."

மேனேஜர் இருமினார். அக்கா கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி நிமிர்ந்தாள். "மேடம், முந்தின நாள் நான் வேணும்னே ஊதல. அவரு நிறுத்திப் பாத்தாரு. நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தேன். அதனாலதான் மறுநாள் அவரு நிறுத்தல. தப்பு என்னோடது."

"அவ சொல்றத எழுதாதீங்க மேடம். வண்டி ஓட்டினது நான்."

"நீங்க சும்மா இருங்க. கை எரியுது எனக்கு."

"கை உனக்கு எரிஞ்சா தப்பு என்னோடதுதானே?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "அப்படி என்ன சண்டை?"

"பீரோ" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதிகாரி சிரிக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டை போடாத வீடு எங்க இருக்கு?" என்றார். "நாளைக்கு உங்க இடத்துல வேற ரெண்டு பேர் வருவாங்க. ஒருத்தருக்குத் தலைவலி இருக்கும், ஒருத்தருக்குத் தூக்கம் பத்தாது. மனுஷங்க அப்படித்தான் வேலைக்கு வருவாங்க. அதையெல்லாம் தாங்குறதுக்குத்தான் பெல்லு, சங்கிலி எல்லாம்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "சங்கிலி எங்க சார்?"

"ஸ்டோர்ல இருக்கு மேடம். சத்தம் போடுதுன்னு..."

அதிகாரி மூடி வைத்த பேனாவைத் திறந்தார். "போடட்டும்" என்றார்.

ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. மாமாவுக்கு எச்சரிக்கை கொடுத்து, வண்டி மறுபடி ஓடும்வரை பூங்கா பெஞ்சுகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். மேனேஜரை வேறெங்கோ மாற்றினார்கள். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ரயில் இல்லாத பார்க்கின் அமைதி இல்லை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம். அக்காவின் இரண்டு கையிலும் கட்டு. மாமாதான் ஊட்டிவிட்டார். முதல் நாள் நான் தட்டை எடுக்கப் போனேன். "நீ போய் உன் வேலையப் பாரு" என்று பிடுங்கிக்கொண்டார். பச்சைப் பெயிண்ட் படிந்த விரல்களால் அவர் ஒரு கவளம் உருட்ட, அது அக்கா வாய்க்குப் பெரிதாக இருக்கும்.

"அளந்து உருட்டுங்க" என்பாள்.

"அளக்கிறதுதான் எனக்கு வராதுன்னு தெரியுமே" என்பார்.

காலையில் அவளுக்குத் தலையும் அவரே வாரிவிட்டார். வகிடு ஆற்றுப்போக்கில் போகும். அக்கா அப்படியே வெளியே வருவாள், திருத்தச் சொல்லி என்னிடம் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் வந்து நிலைச்சட்டத்தையே பெயர்த்து பீரோவை உள்ளே தள்ளினார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசல்கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தவில்லை.

புது பிரேக் வந்தது. எல்லாப் பெட்டிக்கும் காற்றுக் குழாய் இழுத்தார்கள். பெட்டி பிரிந்தால் குழாய் பிய்ந்து, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். புது பெல்லும் வந்தது. சங்கிலிகள் திரும்ப ஏறின. ரயில் ஏரியின் எந்தப் பக்கம் இருந்தாலும் கலகலவென்று பார்க் முழுக்கக் கேட்கும். எந்தக் குழந்தை அதனால் தூங்காமல் போனதோ தெரியாது. எங்களுக்கு அது தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது.

அக்காவின் வலது கையில் பழைய பிடி திரும்பவில்லை. தினமும் பார்க் திறப்பதற்கு முன் வண்டியையும் பாதையையும் ஒருவர் முழுக்கச் சோதிக்கவேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். அந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்து அக்காவை வைத்தார்கள். ஒரு சின்னச் சுத்தியல், ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச். ஆணி ஆணியாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போவாள். சரியாக இருந்தால் ஒரு கோடு. ஊழியர்கள் சுத்தியல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மாமாவுக்கும் கேலி தப்பவில்லை. "மாமா, அக்கா பின்னாடி இருக்காங்களா?" என்று ராட்டினக்காரன் தினமும் கேட்பான். மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, "இருக்கா, சுத்தியலோட இருக்கா" என்பார்.

இன்னொரு விடுமுறைக் காலையில், நிலையம் நிரம்பி வழிந்தது. அக்கா கோடு போடாமல் இஞ்சின் முன்னால் வந்து நின்றாள். ஒரு சங்கிலியின் பூட்டுக் கொண்டி காணவில்லை.

"இது வர்ற வரைக்கும் வண்டி போகாது."

"ஏம்மா, கூட்டத்தப் பாரு" என்றார் மாமா.

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

ஸ்பேனர் கொண்டி தேடி ஓடினார். மாமா இஞ்சினிலிருந்து இறங்கி, நடைமேடையில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். வரிசையில் நின்ற ஒருவர் கோபமாக, "எப்பதான் கிளம்புவீங்க?" என்று கேட்டதற்கு, "மேலிடத்து உத்தரவு சார்" என்று அக்காவைக் கண்ணால் காட்டினார்.

எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். பேக்கரி அம்மா என் கல்யாணத்துக்கு அனுப்பிய கேக் வாசலுக்குள் நுழையாத அளவில் இருந்தது. மாமா அதைப் பார்த்து, "இது என்னோட வேலை இல்ல" என்று எல்லோரிடமும் சத்தியம் செய்தார். பிறகு அவர் ஓய்வு பெற்றார், அக்காவும் பெற்றாள். ஸ்பேனர் காலமானார். கொஞ்ச வருஷத்தில் பார்க்கையே மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசி வாரத்தில் பழைய ஊழியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன்.

இஞ்சினில் ஓர் இளம் பெண் டிரைவராக இருந்தாள். புகைபோக்கியில் பளபளப்பு இல்லை. மாமா அதை ஒருமுறை சட்டை நுனியால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எங்கள் மூன்று பேரையும் மஞ்சள் பெட்டியில் உட்கார வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த ரயிலில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து போனதே இல்லை. மாமாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாகவே தரையை மிதித்தது. ஏரியில் தண்ணீர் குறைந்து, படகுத்துறையின் தூண்கள் இடுப்பு வரை தெரிந்தன.

குகைக்குள் நுழைந்தோம். திடீரென்று மாமா என் தோளைத் தட்டினார்.

"ஏய், அது என்ன?"

இடப்பக்கச் சுவரில் ஒரு மாடம். அதில் சிமெண்டுக் கரடி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பாதி பெயிண்ட் உதிர்ந்துபோயிருந்தது.

"கரடி" என்றாள் அக்கா.

"கரடியா? எப்ப வச்சாங்க?"

"பார்க் திறந்த அன்னைலேருந்து இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

இஞ்சினில் டிரைவர் இருக்கை வலப்பக்கம். குகைக்குள் அவர் கண் தண்டவாளத்தை விட்டு விலகினதே இல்லை. மாமா இருக்கையில் முழுக்கத் திரும்பி, கரடி இருட்டில் மறைகிறவரை பார்த்தார். "வாயில என்னமோ வச்சிருக்கே?"

"மீன்."

"மீனா!" என்றார். "இத்தனை வருஷத்துல ஒருத்தி கூடச் சொல்லலையே."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சங்கிலிச் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பு குகை முழுக்க எதிரொலித்தது. நிலையத்தில் ரயில் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். மாமா இறங்கவில்லை. இன்னொரு ரவுண்டு போகமுடியுமா என்று அந்தப் பெண் டிரைவரைக் கேட்டார். அவள் சரி என்று தலையாட்டுவதற்கு முன்பே, "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று அக்காவை நகர்த்திவிட்டு, இடப்பக்க ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.